சத்து மாத்திரை

உலகநாதனுக்கு வலிப்பு உண்டு என்பது ஊசிமேட்டுக்குப்பத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் உலகநாதனுக்கே பாதிதான் தெரியும். விழுந்து எழுந்த பிறகு நாக்கில் ரத்தச் சுவையும் தலைக்குள் சேறு கலங்கிய மந்தமும் இருக்கும், அவ்வளவுதான். முழுதாகப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவன் மனைவி அமுதவல்லி. இன்னொருவன் மாரி, ஒரே படகில் பன்னிரண்டு வருஷம் அவனோடு வலை கட்டியவன். நான்காவதாக ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சூலூர்ப்பேட்டையில் ஒரு டாக்டர் இருந்தார். ஆனால் அவருக்கு உலகநாதன் என்ற பெயர் தெரியாது.

வலிப்பை ஒளிக்க என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். குப்பத்தில் கேட்க மாட்டார்கள். அங்கே ஏரி எல்லோருக்கும் பொது, ஆனால் எல்லா நாளும் எல்லோருக்கும் இல்லை. முகத்துவாரத்திலிருந்து உள்ளே ஓடும் நீரில் இறால் நடமாடும் தடங்கள் சில உண்டு. எந்தத் தடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதை வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி வகுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு சீட்டில் பெயர் இருந்தால் அடுப்பு எரியும்.

சீட்டு எடுப்பதற்கு முன் கூட்டாளிகள் இரண்டிரண்டு பேராக இடுப்பளவு நீரில் நிற்க வேண்டும். ஒருவன் தலையில் மற்றவன் கை வைத்து, "இவன் உடம்பில் ஒளிவில்லை" என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். யாரோ ஒரு பாட்டன் காலத்தில், வலிப்பு உள்ளவன் ஒருவன் நீரோட்டம் இழுக்கும் இடத்தில் விழுந்து, வலைக்கயிற்றைக் கையில் சுற்றியிருந்த கூட்டாளியையும் அடியோடு இழுத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து சட்டம். ஒளித்தவன் பங்கும் போகும், ஒளிக்கத் துணை போனவன் பங்கும் போகும்.

ஆறு வருஷத்துக்கு முன், அந்த வருஷத்துச் சத்தியம் முடிந்த பத்தாம் நாள், உலகநாதன் படகிலிருந்து சரிந்தான். மாரி அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். கரையில் எல்லோரிடமும், "அண்ணன் கால் வழுக்கிட்டாரு" என்றான். பிறகு வீட்டுக்குப் பின்னால் வந்து அமுதவல்லியிடம் மெல்லிய குரலில் சொன்னான்.

"அண்ணி, வழுக்கலே. இழுத்துச்சு. நான் அவரு தலையில கை வெச்சிச் சொல்லி இன்னும் பதினஞ்சு நாள் ஆவலே. எனக்கு மூணு பொட்டப் புள்ளைங்க. வாயத் தொறந்துடாதே. என் வூட்டுக்காரிக்குக்கூட நான் சொல்லப் போறதில்லே."

அப்படித்தான் தொடங்கியது. மாதம் ஒருமுறை அமுதவல்லியும் அவனும் சுண்ணாம்புக்குளம் வழியாகப் போய் எல்லை தாண்டுவார்கள். டாக்டர் பெயர் கேட்டபோது, அவள் யோசிக்காமல் தன் நைனாவின் பெயரைக் கொடுத்தாள். சீட்டில் அன்றிலிருந்து சுப்பராயன். வீட்டுக்கு வந்ததும் அட்டைகளைப் பிரித்து மாத்திரைகளை ஒரு சத்து மாத்திரை பாட்டிலில் கொட்டிவிட்டு, அட்டையை அடுப்பில் போடுவாள். ஆரஞ்சு நிற லேபிள், அதில் தோளை மடக்கிக் காட்டும் ஒரு பயில்வான். பார்த்தவர்கள், "இன்னாக்கா, மாமனுக்கு இந்த வயசுல இவ்ளோ சத்து எதுக்கு?" என்று கண்ணடிப்பார்கள். அவளும் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பாள்.

டாக்டர் ஒன்றை மட்டும் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தார். "ஒரு வேளைகூட விடக்கூடாது. விட்டால், இத்தனை நாள் வராதது எல்லாம் சேர்ந்து வரும்."

சேர்ந்து வந்தது ஒரு வியாழக்கிழமை.

அதற்கு முந்தைய திங்களன்று பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லைக் கழியைத் தாண்டி வலை கட்டியதில் கைகலப்பு. ஒருவனுக்கு மண்டை உடைந்தது. குப்பத்தில் உலகநாதன், மாரி உட்பட ஆறு பேரைப் பிடித்துக் கிளைச்சிறையில் அடைத்தார்கள். உள்ளே போகும்போது ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி, ஒருவர் பேரேட்டைப் பார்த்தபடியே கேட்டிருக்கிறார், "ஏதாச்சும் வியாதி கீதா? சக்கரை, பிரஷர், வலிப்பு, டி.பி.?" முன்னால் நின்றவன் இல்லை என்றான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் இல்லை என்றான். உலகநாதன் ஐந்தாவது ஆள். முன்னாலும் பின்னாலும் ஊர். அவனும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

புதன்கிழமை மனு போட்டுப் பார்க்கப் பெண்கள் போனார்கள். அமுதவல்லிக்குப் பின்னால் மாரியின் மனைவி பச்சையம்மா, அவளுக்குப் பின்னால் தலைவரின் மருமகள்.

"என் ஆளு உள்ள போயி ரெண்டு சுத்துப் பெருத்திருப்பான் பாரு," என்றாள் பச்சையம்மா. "வூட்ல குழம்புல உப்பில்லே புளியில்லேனு மூஞ்சத் தூக்குவான். அரசாங்கத்துக்கிட்ட தூக்கட்டுமே."

வரிசை சிரித்தது. அப்படியே நகர்ந்து வாசலுக்கு வந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட காவலர் அமுதவல்லியின் கையைப் பார்த்தார்.

"இன்னாம்மா பாட்டில்?"

"மாத்திரைங்க."

"இன்னா மாத்திரை? டாக்டர் சீட்டு வெச்சிருக்கியா?"

சீட்டு ரவிக்கைக்குள் இருந்தது. வியர்வையில் நனைந்து நெஞ்சில் ஒட்டியிருந்தது. அதில் வேறொரு பெயர் இருந்தது. கழுத்துக்குப் பின்னால் பச்சையம்மாவின் மூச்சுக் காற்று பட்டது. அந்த ஒரு நொடியை அமுதவல்லி பிறகு எத்தனையோ முறை விரித்துப் பார்த்தாள், வலையை விரித்துக் கிழிசல் தேடுவதுபோல. ஒவ்வொரு முறையும் அதில் ஒரு ஆள் புகுந்து வெளியேறும் அளவுக்கு இடம் இருந்தது.

"சத்து மாத்திரைங்க," என்றாள்.

"அடிதடி பண்ணிட்டு வந்தவனுக்கு இன்னும் சத்தா? ஊரு தாங்காதும்மா. எடுத்துக்கினு போ."

வரிசை மறுபடி சிரித்தது. அவளும் சிரித்தாள்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உலகநாதன் அவள் கையில் இருந்த பாட்டிலைத்தான் முதலில் பார்த்தான். "வுடலியா?" என்றான். "வுடலே." "சரி வுடு. நாளைக்கோ நாளன்னைக்கோ ஜாமீன் ஆயிடுமாம். ரெண்டு நாள்ல இன்னா ஆயிடப் போவுது." அவன் இமை துடித்துக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்த துடிப்பு. திரும்பி வாசலுக்குப் போய், அந்தக் காவலரைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பச்சையம்மா கையைப் பிடித்து இழுத்தாள். போய்விட்டாள்.

வியாழன் காலை எட்டரை மணிக்கு அவன் முதலில் விழுந்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இடையில் ஒன்பது மணி நேரம்.

*

வக்கீல் மலீஹா பழவேற்காட்டுக்காரி. சின்னப் பெண். மேசையில் கோப்புகளுக்கு நடுவே பாதி சாப்பிட்ட சாப்பாட்டு டப்பா எப்போதும் திறந்தே இருக்கும். சிறையில் நடந்த சாவு என்பதால் மாஜிஸ்திரேட் விசாரணை உண்டு என்றும், ஃபீஸைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றும் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"அக்கா, சட்டம் பெருசா தெரியும். ஆனா கடைசியில மூணே கேள்விதான். அவருக்கு வந்தது உயிரை எடுக்கிற சீக்கா? ஆமாம், போஸ்ட்மார்ட்டம் சொல்லுது. தெரிஞ்சா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கணும், கையைக் கட்டிக்கினு நின்னாங்களா? ஒம்போது மணி நேரம் நின்னாங்க, அவங்க கேட் புத்தகத்துலயே இருக்கு. நடுவுல ஒரு கேள்வி. சீக்கு இன்னதுனு அவங்களுக்குத் தெரியுமா?"

"ஜெயிலுக்குள்ள இருக்கிறவன் அவங்க கையில இருக்கிறவன் தானே, பாப்பா. பார்த்துக்கிறது அவங்க வேலை தானே."

"அதைத்தான் நானும் சொல்வேன். அதுக்கு அவங்க ஒரு காகிதம் காட்டுவாங்க. வியாதி இல்லைனு அவரே போட்ட கையெழுத்து. இன்னொண்ணும் காட்டுவாங்க." மலீஹா தயங்கினாள். "வாசல் டூட்டி எழுதியிருக்காரு. 'மனைவி சத்து மாத்திரை கொண்டு வந்தார், திருப்பி அனுப்பப்பட்டது.' நேரம்கூடப் போட்டிருக்காரு."

அமுதவல்லி ரவிக்கையிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். மலீஹா அதைப் படித்தாள். பெயரைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"இதைக் கொடுத்தா, வேற யாரோ ஒருத்தரோட சீட்டைக் கொண்டு வந்து ஏமாத்துறீங்கனு சொல்வாங்க. உள்ள வைங்கக்கா." சீட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "அன்னைக்கு உள்ளே யாராவது அவங்களுக்குச் சொல்லியிருந்தா, எல்லாம் மாறும். இது வலிப்பு, மாத்திரை சாப்பிடுறவரு, கொண்டு போங்கனு ஒரே ஒரு ஆள். அதுக்கப்புறம் தெரியாதுனு அவங்க வாயைத் திறக்க முடியாது," என்றாள்.

சிறையறையில் உலகநாதனோடு இருந்தவர்கள் மூன்று பேர். இருவர் வெளியூர்க்காரர்கள், அடுத்த வாரமே வேறு சிறைக்கு மாறி, பிறகு எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. மூன்றாமவன் மாரி. முதல் விசாரணையில், ஊர்த்தலைவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, மாரி சொன்னது, "பசி மயக்கம்னு நெனச்சோம்."

*

அவள் அவனைப் படகுத்துறையில் பிடித்தாள். வெயில் உச்சியில் இருந்தது. நீர் வற்றிச் சேறு பளபளத்தது. நாரைகள் தூரத்தில் நின்றன. மாரி வலையை உதறிக்கொண்டே இருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் உதறினான்.

"பசி மயக்கமா மாரி?"

வலை நின்றது.

"சொன்னேன் அண்ணி." அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "கம்பிய புடிச்சிக்கினு கத்துனேன். இது வலிப்பு, ஆறு வருஷமா மாத்திரை சாப்பிடுறாரு, மூணு நாளா மாத்திரை இல்லே, செத்துப் போவாருனு கத்துனேன். தண்ணியில நின்னு பொய் சொன்ன வாயி, ஜெயில்ல ஒழுங்கா உண்மையைச் சொல்லிச்சு. டூட்டியில இருந்த ஆளு இன்னா சொன்னான் தெரியுமா? 'இங்க வர்றவன் எல்லாம் நடிகன் தான், எனக்கு டிக்கெட் வேணாம்'னான். அப்புறம் கம்பவுண்டர் வந்து தலைவலி மாத்திரை ஒண்ணு குடுத்தான். அண்ணன் வாயில அது நிக்கவேயில்லே. நுரையோட வெளிய வந்திச்சு. மத்தியானம் மறுபடி. அதுக்கப்புறம் நினைவே திரும்பலே."

"இதைக் கோர்ட்ல சொல்லு."

"சொன்னா ஆறு வருஷமும் வெளிய வரும். தலைவரு அங்கதான் குந்திக்கினு இருக்காரு. என் பங்கு போவும், உன் பங்கும் போவும். மூணு புள்ளைங்கள எங்க கொண்டு போயி நிறுத்துவேன்? துறைமுகத்து வாசல்லயா? அங்க காண்ட்ராக்ட்காரன் இவன் ஊர்ல கலாட்டா பண்ணவன்னு கேஸைக் காட்டி வெரட்டுறான்." அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்தான். "அண்ணன் என்னைத் தான் பார்த்தாரு அண்ணி. ரெண்டாவது தபா விழுறதுக்கு முன்னாடி. சொல்லிட்டியானு கேட்டாரு. சொல்லிட்டேன்னேன். 'அடப் பாவி, நம்ம பாடு'னாரு."

அமுதவல்லி அழவில்லை. அன்று முழுவதும் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டே நடந்தாள். சாகிற நேரத்திலும் அவனுக்கு அதுதான் பயம். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. அந்த வழி எங்கே போய் முடியும் என்று மலீஹாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. குப்பத்து விஷயத்தைக் குப்பத்தில்தான் முடிக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆறு வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்து வந்தாள்.

அடுத்த மாதம் பாடு வகுக்கும் நாள். விதவையின் பங்குக்கு ஒரு கூலியாள் நீரில் நிற்கலாம். அமுதவல்லி ஆளை அனுப்பவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே நீரில் இறங்கினாள். அன்று பெண்கள் அங்கே இறங்குவதில்லை. இடுப்பளவு நீரில் ஐம்பது அறுபது ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் வூட்டுக்காரருக்கு வலிப்பு இருந்துச்சு," என்றாள். "ஆறு வருஷம். நான் ஒளிச்சேன். சத்து மாத்திரைனு சொன்னதெல்லாம் அதுக்குத்தான்."

தலைவர் சீட்டுப் பானையை இடுப்போடு அணைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "மாரிக்குத் தெரியுமா?"

மாரி நாலடி தள்ளி நின்றான். அவன் தலை நீரைத் தொட்டுவிடும் அளவுக்குக் குனிந்திருந்தது.

"தெரியாது. என் தலைமேல சத்தியம். ஜெயில்லதான் மொதமொதல்ல பார்த்தான்."

பொய் அவ்வளவு எளிதாக வந்தது. நீரில் நின்று சொல்லும் பொய் கனக்கும் என்று சொல்வார்கள். கனக்கவில்லை. கரையேறும்போது புடவைதான் கனத்தது.

தலைவர் கெட்டவர் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அமுதா, நீ பண்ணது தப்பு. அவன் செத்த விதம் அதைவிடப் பெரிய தப்பு. அதுக்காக நாங்க கோர்ட்டுக்கு வருவோம், நிப்போம். ஆனா பாடு பாடுதான்." அவள் வீட்டுச் சீட்டைப் பானையிலிருந்து எடுத்து நீரில் விட்டார். அது கொஞ்சதூரம் மிதந்து, ஊறி, அமிழ்ந்தது. மாரியின் சீட்டு பானையிலேயே இருந்தது.

அன்று மாலை பச்சையம்மா வந்து வாசலில் நின்று அழுதாள். "ஏன் அக்கா என்கிட்டக்கூடச் சொல்லலே? அன்னைக்கு வரிசையில நான்தானே உன் பின்னாடி நின்னேன். காதுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அந்த ஆளு கால்ல விழுந்திருக்க மாட்டேனா?"

அமுதவல்லி தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். இப்போதாவது மாரி பேசலாம். அது போதும் என்று இருந்தாள்.

*

மாரி பேசினான். மறுபடி சாட்சிக் கூண்டில் ஏறி, அன்று கை கால் இழுத்ததையும், தான் கம்பியைப் பிடித்துக் கத்தியதையும், வலிப்பு என்று மூன்று முறை சொன்னதையும் சொன்னான். மலீஹாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. அமுதவல்லிக்கு மூச்சு சீராக வந்தது, பல மாதத்துக்குப் பிறகு.

அரசுத் தரப்பு வக்கீல் வயதானவர், மெதுவாகப் பேசுபவர். மிரட்டவில்லை. உட்காரச் சொல்லி நாற்காலி போடவைத்தார்.

"போன தடவை பசி மயக்கம்னு சொன்னீங்களேப்பா?"

"பயத்துல சொன்னேங்க."

"சரி. இதுக்கு முன்னாடி அவருக்கு வலிப்பு வந்து நீங்க பார்த்திருக்கீங்களா?"

மாரி திரும்பினான். பின்வரிசையில் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் குப்பத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், சொன்ன வாக்குப்படி வந்து, நீதிக்காக வேட்டியும் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இல்லீங்க. பார்த்ததில்லே."

"அவர் மாத்திரை சாப்பிடுறவர்னு உங்களுக்குத் தெரியுமா?"

"...தெரியாதுங்க."

"அப்போ மாத்திரை பத்திக் காவலர்கிட்ட நீங்க எதுவும் சொல்லலே?"

"சொல்லலே," என்றான் மாரி.

"நீங்க டாக்டர் இல்லே. முன்னாடி வலிப்புப் பார்த்ததும் இல்லே. கை கால் இழுத்ததைப் பார்த்து வலிப்புனு நீங்களா நெனச்சு ஒரு வார்த்தை சொன்னீங்க. குடியை நிறுத்தினவனுக்கும் இழுக்கும். பயத்திலயும் இழுக்கும். அவருக்கு வியாதி இல்லைனு அவரே எழுதிக் குடுத்திருக்காரு. அவர் சம்சாரமே சத்து மாத்திரைனு சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரும் சொன்னதை விட்டுட்டு, உங்க யூகத்தைக் காவலர் நம்பியிருக்கணும்ங்கிறீங்க?"

மாரி தலைவர் இருந்த பக்கம் மறுபடி பார்த்தான்.

அப்போதுதான் அமுதவல்லிக்குப் புரிந்தது. மாரியின் வாயைத் திறப்பதற்காக அவள் நீரில் நின்று சொன்ன பொய், இப்போது அவன் வாய்க்குள் கல்லாக உட்கார்ந்திருந்தது. அவள் எழுந்தாள். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா? ஏதாவது சொல்லணுமா?"

அவனுக்குத் தெரியும் ஐயா. ஆறு வருஷமா தெரியும். எல்லாத்தையும் சொல்லிக் கத்தினான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பக்கத்தில் பச்சையம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கவில்லை, அழுத்தவில்லை, சும்மா பிடித்திருந்தாள். பச்சையம்மாவுக்கு இந்த நிமிஷத்தில்தான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். அவள் மூன்று பெண்களில் மூத்தவள் நந்தினி அன்று காலையில் அமுதவல்லிக்குத் தலை வாரி விட்டிருந்தாள்.

சொன்னால் மாரியின் பங்கும் போகும். அதுவும் போய், இவள் எதைச் சொன்னாலும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள் என்று அந்த வயதான வக்கீல் மெதுவாகக் கேட்பார். வாசலில் ஒன்று, ஊரில் ஒன்று, இங்கே ஒன்று. எதம்மா நிஜம்?

"ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அமுதவல்லி. உட்கார்ந்தாள்.

*

அறிக்கை நாலு மாதம் கழித்து வந்தது. பாடு சீட்டில் பெயர் இல்லாததால் அவள் அப்போது இறால் உரிக்கும் கொட்டகையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கை விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றைப் புடவையில் மறைத்துக்கொண்டு மலீஹாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

மலீஹா பக்கங்களைப் புரட்டினாள். தாமதம் வருந்தத்தக்கது என்று ஓரிடத்தில் இருந்தது. காவலர்களுக்கு முதலுதவிப் பயிற்சி தரலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. மேல்கோர்ட்டுக்குப் போகலாம், போவோம், விட மாட்டேன் என்றாள் மலீஹா. ஆனால் அவள் குரலில் அந்தச் சாப்பாட்டு டப்பாவைப் போல ஏதோ ஒன்று ஆறிப்போயிருந்தது.

"முக்கியமானதைப் படி, பாப்பா."

மலீஹா தமிழாக்கிப் படித்தாள். "'இறந்தவரின் நோயை முன்பே அறிந்திருந்த எவரும் அதைச் சிறை நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாகச் சான்று இல்லை. ஆகவே, தெரிந்தும் புறக்கணித்தார்கள் என்று கொள்ள இயலாது.'"

"இன்னொரு தபா படி."

படித்தாள்.

அமுதவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்த மூன்று கேள்விகளும் முதல் நாளே அவள் மனதில் பாடமாகிவிட்டிருந்தன. உயிரை எடுக்கிற சீக்கா? ஆமாம், டாக்டர் இரண்டு பாஷையில் சொன்னார். தெரியுமா? தெரியும், இமை துடித்ததைக்கூடப் பார்த்தாள். தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாளா? கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அறிந்திருந்த எவரும்னு போட்டிருக்கே," என்றாள். "அதுல எம்பேரு இருக்கா?"

"இல்லக்கா. பேரு எதுவும் இல்லை."

அமுதவல்லி எழுந்து, பையை எடுத்துக்கொண்டாள். பைக்குள் பாட்டில் உருண்டு சத்தம் போட்டது. அதை இன்னும் எங்கேயும் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

"போட்டிருக்கலாம்," என்றாள்.